ஓரத் தேய்மானம்

வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். மெக்கானிக் தாஜுதீன் என் பைக்கின் முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டயரின் நடுப்பகுதி தேய்ந்திருந்தது. அதில் ஒன்றுமில்லை. ஐம்பத்து நான்கு வயதுக்காரன் எப்போதாவது ஒரு காலையில் காரமடை வரை போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்புகிற வண்டிக்கு நடுதான் தேயும். வளைவில் சாய்த்தால்தான் டயரின் ஓரம் சாலையைத் தொடும், எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு தொடும். சாய்க்கப் பயப்படுகிறவன் டயரில் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோலவே பளபளப்பாகக் கிடக்கும். என் டயரில் கிடக்க வேண்டிய அந்த இரண்டு விரல் இல்லை. விளிம்பு வரைக்கும் தேய்ந்து, ரப்பர் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடப் பையன் அழித்து அழித்து எழுதிய தாளில் இருப்பதுபோல. இடது ஓரமும் அப்படி, வலது ஓரமும் அப்படி. நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, வண்டிக்காரன் சொல்கிற கதையில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. ‘மாடு குறுக்க வந்துருச்சுங்க’ என்பான். டயரைப் பார்த்தால் மாடு வந்ததா, தூக்கம் வந்ததா என்று தெரிந்துவிடும். அடுத்தவன் வண்டியில் முதலில் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கிறவன், என் வண்டியில் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. போர்ட்டிகோவில் சுவரை ஒட்டி, கவர் போட்டு, நின்ற இடத்திலேயே நின்றது. சொந்த வீட்டில் நிற்கிற வண்டியை யார் போய்ச் சர்வே பண்ணுவார்கள்?

“என்ன தேவராஜ் சார், போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்த மாதிரி பாக்கறீங்க?” என்றான் தாஜுதீன். வாடிக்கையாளர் உட்காருவதற்காக ஏதோ பழைய காரின் பின்சீட்டைக் கழற்றித் தரையில் போட்டு வைத்திருக்கிறான், அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு நேராக வந்துவிடும். அப்படி உட்கார்ந்து ஒருவனைச் சந்தேகமாகப் பார்ப்பது கஷ்டம். இடையர்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒர்க்‌ஷாப். வெளியே ஆனிமாதக் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. “பிரேக் கட்டையப் பாருங்க” என்று தகடு மாதிரி ஆகிவிட்ட ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான். முன் பிரேக்கினுடையது. பின் பிரேக் கட்டை ஏறக்குறைய புதிதாக இருந்தது. இது அடுத்த தடயம். என் வயதுக்காரர்கள் காலால் பிரேக் பிடிப்பவர்கள். பழைய வண்டிகளில் முன் பிரேக்கைத் தொட்டால் தலைகீழாக விழுவாய் என்று பயமுறுத்தி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், அந்தப் பயம் இன்னும் வலது பாதத்தில் இருக்கிறது. என் கணக்குப்படி தேய்ந்திருக்க வேண்டியது பின் கட்டை. “பிரேக் ஆயில் போற ஹோஸையும் மாத்திரலாம் சார், ரப்பர் ஹோஸ் வேண்டாம், ஸ்டீல் பின்னினது போட்ருவோம். அன்னைக்கே சொன்னேனே” என்றான். என்றைக்கு? “என்னைக்கு?” என்றேன். தாஜுதீன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேறு ஸ்பேனரை எடுத்தான், அதைப் பார்த்துவிட்டு மறுபடி முதல் ஸ்பேனரையே எடுத்தான். “போன்ல சார். ஆயில் மாத்தறப்ப. சொன்னேனா இல்லியா? இல்ல வேற கஸ்டமர்கிட்டச் சொன்னனோ என்னமோ, எனக்கும் வயசாகுதுல்ல.” அவனுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆயில் மாற்றியபோது போனில் என்ன பேசினோம் என்று யோசித்தேன், மழை பெய்கிறதா என்று கேட்டான், பெய்யவில்லை என்றேன், அவ்வளவுதான். ஒருவன் பதில் சொல்வதற்கு முன்னால் கைக்கு வேலை தேடினால் அந்தப் பதிலை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம். அடிக்கோடிட்டேன். ஆனால் எதற்குக் கீழே?

கோகுல். பெயர் தானாக வந்து நின்றது, வெகுநேரமாகவே வாசலில் காத்திருந்ததுபோல. வசந்தாமணியின் தம்பி மகன், எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். ஏன் அவனாக இருக்கக் கூடாது? நான் விபத்து பார்க்க தர்மபுரி, கரூர் என்று காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் திரும்பாமல் இருக்கும்போது வண்டிச் சாவி டிவிக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்குகிறது. அப்புறம் இந்த டயர் மாற்றுகிற யோசனையே யாருடையது? ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் அவன்தான் ஆரம்பிப்பான். “மாமா, டயர் போயிருச்சு மாமா. பிரேக்கும் நல்லதா பாத்துப் போட்ருங்க.” தோசையைப் பிய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். உனக்கென்னடா என் டயரைப் பற்றி அவ்வளவு அக்கறை என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, அப்போதே ஒரு நூல் கையில் கிடைத்ததுபோல இருந்தது, சட்டென்று இழுத்தால் அறுந்துவிடும். பிறகு ஹெட்லைட்டைச் சுற்றிக் கோடாக ஒரு பிசின், விரல் வைத்தால் ஒட்டியது. ஏதோ ஸ்டிக்கர் ஒட்டிக் கிழித்திருக்கிறான் என்று நினைத்து, அதையும் மண்ணெண்ணெய் தொட்டு நானே துடைத்தேன், துடைக்கும்போது அவன் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்து இப்போது இந்தச் சக்கரத்தில் வந்து முடிந்தது. இன்றைக்குச் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துப் பேசவேண்டிய வார்த்தைகள் வரிசையாக வந்தன. எனக்கு அந்த வரிசையில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைப்பதற்கில்லை. கண்டுபிடித்தவனின் சந்தோஷம். அதை நான் காவல் நிலையத்து முற்றங்களில், நசுங்கிய கார்களுக்குப் பக்கத்தில் நின்று நிறைய அனுபவித்திருக்கிறேன். வீட்டுக்குள் அனுபவிப்பதுதான் புதிது. புதிதா? உண்மையாகவே புதிதா?

தாஜுதீன் இரண்டு புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்தான். “இது உழைக்கிற டயர் சார், கட்டை மாதிரி. வருஷக்கணக்கா ஓடும். இது பிடிக்கிற டயர். ரப்பர் மெத்துன்னு இருக்கும், சீக்கிரம் தேஞ்சுரும், ஆனா ரோட்ட விடாது. இதுல ரெண்டு போட்ரட்டுமா?” மெத்தென்ற டயரின் மேல் அவன் கை கிடந்தது, கோழியைத் தடவுவதுபோல. “எனக்கெதுக்குங்க பிடிக்கிற டயர்? நான் போற வேகத்துக்குச் சைக்கிள் டயரே போதும்.” “வண்டி கேக்கும் சார்.” “வண்டி கேக்குதா, ஓட்டறவங்க கேக்கறாங்களா?” அவன் சிரித்தான், ஆனால் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. “உழைக்கிறதையே போடுங்க” என்றேன். “மழைக்காலம் வேற வருது சார், கட்டை டயர் ஈரத்துல...” “மெதுவாப் போறவனுக்கு எந்த டயரும் வழுக்காது. வேகமாப் போறவனுக்கு வழுக்கட்டும்.” சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது. வழுக்கட்டும். இருபத்தொரு வயதுப் பையன், சொந்தக்காரப் பையன், என் மனைவியின் தம்பி என்னை நம்பி விட்டுவிட்டுப் போன பையன். அவன் வளைவில் சாய்க்கும்போது அடியில் ரப்பர் விட்டுப்போகட்டும் என்றா நினைத்தேன்? இல்லை, பயந்துபோய் நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா? வழுக்குவதற்கும் பயந்து நிறுத்துவதற்கும் நடுவில் என்ன கிடக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்? தாஜுதீன் தோளைக் குலுக்கிக்கொண்டு கட்டை டயரை ரிம்மின் மேல் வைத்து, இரண்டு இரும்புப் பட்டைகளை நுழைத்து நெம்ப ஆரம்பித்தான். ரப்பர் முனகியது. நான் அவனைத் தடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

வசந்தாமணி. “ஏனுங்க, வண்டி முடிஞ்சுதா?” மூன்று வருஷமாக அவள் வாயில் அதன் பெயர் ‘அந்தக் கருமம்’. ஷோரூமிலிருந்து எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு, பையனுக்கா சார் என்று கேட்ட விற்பனைக்காரனிடம் பதில் சொல்லாமல் சாவி வாங்கிய அன்றைக்கு, அவள் ஆரத்திகூட எடுக்கவில்லை. இவ்வளவு காலமும் நசுங்கின வண்டியையே பார்த்தவனுக்கு முழுசாக ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன், நான் அவளிடம் சொன்ன உண்மைகளில் அது ஒன்று, அவள் நம்பவில்லை. இன்றைக்கு அது வண்டியாகிவிட்டது. “இன்னும் இல்ல. எதுக்குக் கேக்கற?” “சும்மாதான். சோத்துக்கு வந்துருவீங்களா?” “வருவேன்.” “வரப்ப மெதுவா வாங்க. புது டயர் வழுக்குமாம்.” “யார் சொன்னாங்க?” “யாரோ சொன்னாங்க. டிவில சொன்னான்.” “எந்த டிவில?” “அய்யோ சாமி, உங்ககிட்ட ஒரு வார்த்த பேசறதுக்குள்ள மனுசனுக்கு ஜாமீன் எடுக்கோணும். வச்சர்றேன்.” வைத்துவிட்டாள். புது டயர் வழுக்கும். உண்மைதான். அச்சிலிருந்து எடுத்த டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும், சாலையில் தேய்த்து எடுக்கிறவரை பிடிக்காது, எங்கே தேய்ந்ததோ அங்கேதான் பிடிக்கும். அது வண்டிக்காரர்களுக்குத் தெரியும். சாம்பார் பொடியில் மல்லி எவ்வளவு என்று தெரிந்த வசந்தாமணிக்கு எப்படித் தெரியும்? யாரோ அந்த வீட்டில் டயரைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் இல்லாதபோது, அடுப்படியில், சாதாரணமாக, கீரை ஆய்ந்துகொண்டே பேசுகிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு கீரைக்கு மாறிவிடுகிறது. தாஜுதீனுக்கும் தெரியும். கோகுலுக்கும் தெரியும். இவளுக்கும் தெரியும். ஒரு பையன் திருட்டுத்தனமாக வண்டி எடுத்து ஓட்டினால் அத்தை அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம், ஆனால் அக்கறையாகப் போன் பண்ணி டயர் வழுக்குமாம் என்று சொல்வாளா? பையனுக்காக அவள் குரல் அப்படி இறங்குமா?

முன்னால் ஒரு தடவை, அன்னூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்து முற்றத்தில், இதே மாதிரி ஒரு வண்டியைப் பார்த்தேன். வேப்பம் பழமும் காக்காய் எச்சமும் விழுந்து கிடந்தது. ஓட்டியவன் யார், என்ன ஆனான் என்பது தாளில் இருந்தது. தாளை நான் பிறகுதான் படித்தேன், முதலில் பார்த்தது முன் பிரேக் லிவரை. அது கைப்பிடியோடு ஒட்ட வளைந்திருந்தது. மோதலில் வளையவில்லை, மோதலில் வளைந்தால் வெளிப்பக்கம் சிராய்ப்பு இருக்கும். விரல்களால் வளைந்தது. அலுமினியம் வளைகிற அளவுக்கு ஒருவன் கடைசி வரை பிடித்துக்கொண்டே போயிருக்கிறான். அன்றைக்கு அதை அறிக்கையில் எழுத எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. ‘லிவர் சேதம்’ என்று எழுதினேன். இப்போது கட்டை டயர் ரிம்முக்குள் பாதி இறங்கிவிட்ட நேரத்தில் அது ஏன் நினைவுக்கு வர வேண்டும்? தாஜுதீனின் மேஜையில் என் வண்டியின் லிவர் கிடந்தது, கிரீஸ் போடக் கழற்றி வைத்திருந்தான். அதன் கழுத்தில் ஒரு சின்னச் சக்கரம், எண்கள் போட்டது. ஒன்றில் வைத்தால் லிவர் கைப்பிடியிலிருந்து தள்ளி நிற்கும், பெரிய கைக்கு. எண் கூடக் கூட லிவர் கிட்டே வரும், சின்ன விரலுக்கு எட்டும்படி. நான் ஒன்றில் வைப்பேன். எப்போதும் ஒன்றுதான். ஆனால் ஊரிலிருந்து திரும்பி வந்து எடுக்கும்போது அது நான்கில் இருக்கும், விரல் மடக்க இடம் இல்லாமல் இடிக்கும். திருப்பி ஒன்றுக்கு வைப்பேன். மறுபடி ஒரு நாள் நான்கு. அதிர்வில் தானாகத் திரும்புகிறது என்று இதே தாஜுதீனிடம் சொன்னேன், பழசானா அப்படித்தான் சார் என்றான், நான் நம்பினேன். நம்பினேன்! ஊரில் ஒருவன் சொல்வதையும் நம்பாத நான். நான்கு. கோகுல் காலேஜ் டீமில் கூடைப்பந்து ஆடுகிறவன், பந்தை ஒற்றைக் கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குவான், அந்த விரல்களுக்கு ஒன்றே கிட்டே. அவன் ஏன் நான்கில் வைக்கப்போகிறான்? அந்த வீட்டில் சின்னக் கை யாருடையது? போன தீபாவளிக்கு ராஜவீதியில் வளையல்கடைக்காரர் அலமாரியின் அடித்தட்டு வரை தேடினார். “ரெண்டு ரெண்டு அளவா? சின்னப் பொண்ணுக்குங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, இருபத்தாறு வயசு, இந்தா நிக்கறாளே” என்று வசந்தாமணி சிரித்தாள். பக்கத்தில் மிதுனா தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நிறுத்துங்க!” என்று கத்திவிட்டேன். தாஜுதீன் பட்டையோடு உறைந்தான். “அந்த டயர எடுங்க. எடுங்க அத. மத்தது போடுங்க, பிடிக்கிறது. ரெண்டும் பிடிக்கிறதே போடுங்க.” பழைய கார் சீட்டிலிருந்து எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. “அட என்ன சார், இப்பத்தான் பாதி ஏத்துனேன்” என்று முணுமுணுத்தபடி அவன் நெம்பி எடுத்தான், ஆனால் அவன் முதுகில் ஏதோ ஒன்று இளகியதை நான் பார்த்தேன்.

என் மகள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட், அடிபட்டவர்களை மறுபடி நடக்கவைக்கிறவள். நான் வண்டிகளைப் பார்க்கிறேன், அவள் அந்த வண்டிகளிலிருந்து விழுந்தவர்களைப் பார்க்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டு மேஜையில் குழம்புச் சட்டி இருக்கும், பேச ஒன்றும் இருக்காது. வாரத்தில் நடுவில் அவளுக்கு விடுப்பு வரும். அந்த நாளில் தோழி வீட்டுக்குப் போனேன் என்பாள். எந்தத் தோழி, எந்த ஏரியா, எதில் போனாய்? கேட்பேன், அவள் சொல்வாள், சொல்வதெல்லாம் பொருந்தும், பொருந்துவதே எனக்குச் சந்தேகமாக இருக்கும், உண்மை பேசுகிறவர்கள் எங்கேயாவது தடுமாறுவார்கள். ஒரு பையன் இருக்கிறான் என்று நினைத்தேன். அவள் போனைத் திருப்பி வைக்கும்போதெல்லாம் நினைத்தேன். பையன் இல்லை, ஹெட்லைட்டின் பிசின் இருந்தது. இப்போதுதான் அது என்ன என்று விளங்கியது, தெரிந்த விஷயம்தான், அறிக்கைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்: ரேஸ் டிராக்கில் வண்டியை இறக்குவதற்கு முன் ஹெட்லைட்டின் மேல் டேப் ஒட்டச் சொல்வார்கள், விழுந்தால் கண்ணாடி சிதறாமல் இருக்க. அப்படியென்றால் ரோட்டில் இல்லை. டிராக்கில். எதிரே லாரி வராத இடம், ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடம். மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது, உடனே திரும்ப ஏறியது. விழுந்தால் சிதறாமல் இருக்க என்றால் விழுவார்கள் என்றுதானே? விளிம்பு வரை சாய்த்திருக்கிறாள். தகடாகிப்போன பிரேக் கட்டையோடு, ஹோஸ் மாற்றணும் என்று அன்றைக்குத் தாஜுதீன் சொன்னது இவளிடம்தான், அதை என்னிடம் சொல்ல முடியாமல், கோகுலைத் தூது விட்டு, ஒரு மாதம் தோசைக்கு நடுவில் சொல்ல வைத்து. அந்தத் தகடு இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது, இறுக்கிப் பிடித்ததில் கோடு பதிந்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்றாள். எந்தப் பக்கம் என்றேன். எப்போதிருந்து என்றேன். சாப்பிடுவதற்கு முன்னாலா, பின்னாலா என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, இப்ப வலிக்கலப்பா என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். டாக்டரும் இதையேதான் கேட்பார், நான் என்ன தப்பாகக் கேட்டேன் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. டாக்டர் கேட்டால் வலி எங்கே என்று தேடுகிறார் என்று தெரியும். நான் கேட்டால் பொய் எங்கே என்று தேடுவதாகத் தெரிகிறதோ? நான் எதைத் தேடினேன்?

இதெல்லாம் என் ஊகமாகவும் இருக்கலாம். பிசின், தேய்மானம், ஒரு எண். இதைவிடக் கெட்டியான சாட்சியங்களை வைத்துக்கொண்டு நான் தவறியிருக்கிறேன், காலையில் கோகுல்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். உறுதிப்படுத்திக்கொள்ளாமல் எழுந்து போக எனக்குத் தெரியாது. தாஜுதீன் இரண்டு டயர்களையும் மாட்டி முடித்தான். ஸ்டீல் பின்னிய ஹோஸ் வெள்ளிக் கொலுசுபோல முன் ஃபோர்க்கை ஒட்டி இறங்கியது. பிரேக் ஆயிலில் காற்றுக் குமிழி போகிறவரை லிவரை அமுக்குவதும் விடுவதுமாக இருந்தான், முதலில் பஞ்சுபோல அமுங்கியது மெல்ல மெல்லக் கல் மாதிரி நின்றது. “பாருங்க சார், இப்பத் தொட்டாலே நிக்கும். ஆனா பிரேக் கட்டை புதுசு, டயர் புதுசு. கொஞ்சம் ஓடி ஒக்கார்ற வரைக்கும் சாய்க்கவும் கூடாது, சடார்னு பிடிக்கவும் கூடாது.” இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்துச் சொன்னான், வண்டி போய் வேறு யாரிடமோ சொல்லும் என்பதுபோல. நான் போனை நோண்டுவதுபோலக் குனிந்துகொண்டு சொன்னேன்: “லிவர எப்பவும் போல வச்சுருங்க.” குரல் சாதாரணமாகத்தான் வந்தது. இந்தக் குரலில்தான் லாரி டிரைவர்களிடம் டீ சாப்பிட்டீங்களா என்று கேட்பேன், அப்புறம் சாப்பிட்ட இடம் எது என்று கேட்பேன். தாஜுதீனின் கட்டைவிரல் சின்னச் சக்கரத்தின் மேல் போனது. கிளிக். கிளிக். கிளிக். நான்கில் நின்றது. பிறகு அந்த விரலும் நின்றது. காற்று தகரத்தைத் தூக்கிப் போட்டது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, மெதுவாகச் சக்கரத்தைத் திரும்ப ஒன்றை நோக்கித் தள்ளப் போனான். பிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் வைத்த கண்ணிகளில் இவ்வளவு சுத்தமாக ஒன்று விழுந்ததில்லை, அந்தச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது போலவும் இருந்தது. ஆனால் வந்த இடத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது. “விடுங்க தாஜு” என்றேன். “இருக்கட்டும்.” அவன் கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “பயப்படாதீங்க சார். நல்லா ஓட்டும்.” யார் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வந்தால் இடது பக்கம் வீடு. நான் வலது பக்கம் திரும்பினேன், தடாகம் தாண்டி, மலை பார்த்து. லிவர் விரல் மூட்டில் இடித்தது. நான்கில் வைத்துக்கொண்டு என் கையால் பிரேக் பிடிப்பது சின்னப் பிள்ளையின் செருப்பைப் போட்டு நடப்பதுபோல இருந்தது. இருந்தாலும் மாற்றவில்லை. இப்படியே கொண்டுபோய் நிறுத்தினால் அவள் உட்கார்ந்ததும் தெரிந்துகொள்வாள், அப்பாவுக்குத் தெரியும் என்று. அதுதான் என் நோக்கமா? இது அனுமதியா, குற்றச்சாட்டா? நான் அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேனா, இல்லை இதுவும் ஒரு கண்ணிதானா, நான்கில் நிற்கும் லிவரைப் பார்த்து அவள் முகம் எப்படி மாறுகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்க்க? எனக்கே தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று. இந்த டயர் இப்போது வழுக்கும், அவள் அடுத்த விடுப்பில் இதை எடுப்பாள், அதற்கு முன்னால் யாராவது இதைத் தேய்த்து வைக்க வேண்டும். மலைக்குப் போகும் வழியில் தென்னந்தோப்பை அழித்து லேஅவுட் போட்டிருந்தார்கள். தார் ரோடு உண்டு, எண் போட்ட கல் உண்டு, நடுவில் வட்டமாக ஒரு பார்க் உண்டு, வீடு ஒன்றுகூட இல்லை. அந்த வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். இடப்பக்கமாக. முதலில் நிமிர்ந்து, அப்புறம் கொஞ்சம் சாய்ந்து. லிவரை மெல்லப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, பிரேக் கட்டையை உட்காரவைத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது, இறங்காமல் சுற்றினேன். நடுவிலிருந்த பளபளப்பு போனால் போதாது. நான் போகிற இடம் வரை தேய்த்தால் அது எனக்கான டயர். அவள் போகிற இடம் வரை போனால்தான் அவளுக்கு. என் முழங்கால் பெட்ரோல் டேங்க்கை இறுக்கியது, கழுத்து விறைத்தது, ரோடு என் தோளை நோக்கி எழுந்து வந்தது, அன்னூரில் பார்த்த அந்த லிவர் வளைந்து வளைந்து என் விரலுக்குள் வந்தது, இருந்தும் சாய்த்தேன். பயம் ஓர் இடத்தில் சட்டென்று நின்று, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கணம் ஒன்றுமே இல்லை, வண்டி தானாக வட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனது, இதற்குத்தான் போகிறாளா, இதை வைத்துக்கொண்டா என் எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள்? பிறகு திசை மாற்றி வலப்பக்கமாகச் சுற்றினேன். வலது பக்கம் எனக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் ஓர் இடத்துக்கு மேல் உடம்பு மறுத்தது. வலது பாதம் பின் பிரேக்கைத் தேடித் தேடிப் போனது.

நிறுத்தி இறங்கி மண்டியிட்டுப் பார்த்தேன். இடது ஓரம் விளிம்பு வரை சாம்பல் பூத்ததுபோல மங்கியிருந்தது. வலது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பு அப்படியே மிச்சம். விரலை வைத்து அளந்தேன். கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தேன், போகுமா என்ன. போன் அடித்தது. மிதுனா. வேலை நேரத்தில் அவள் எனக்குப் போன் பண்ணுவதில்லை. தாஜுதீன் சொல்லியிருப்பான். வசந்தாமணி சொல்லியிருப்பாள். யார் சொன்னது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று கேள்விகள் வந்து வரிசையாக நின்றன, எல்லாம் நல்ல கேள்விகள், ஒன்றுகூட வீண் போகாது. “அப்பா, எங்க இருக்கீங்க? அம்மா சாப்பாட்டுக்குப் பாத்துட்டே இருக்காங்க.” அவள் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு நோயாளி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காலைத் தூக்குவது கேட்டது. “ஒரு சின்ன வேல, அம்மிணி” என்றேன். இந்தப் பதிலை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன். அவள் ஏற்றுக்கொண்டு காத்திருந்தாள். காற்று கல் கம்பங்களுக்கு நடுவில் ஊளையிட்டது. “டயர் போட்டாச்சு” என்றேன். “பிரேக்கும். எல்லாம் நல்லதாவே போட்டாச்சு. ஓரம் மட்டும் ஒரு பக்கம் இன்னும் பளபளன்னு இருக்குது. எனக்கு அவ்வளவுதான் வந்துச்சு. பாத்துக்க.”

எண்ணுகிற குரல் தூரமானது. ஏதோ கதவு சாத்துகிற சத்தம். அவள் அறைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது. பொய் சொல்லப் போகிறவளின் மூச்சா, அழப் போகிறவளின் மூச்சா என்று பிரித்துப் பார்க்கப் போன என் காதை நான் இழுத்துப் பிடித்தேன்.

“எந்தப் பக்கம்ப்பா?” என்றாள்.

“வலது.”